இன்னொரு ஃபைலில் இருக்கும் செல்

எக்ஸெல்லில் ஒரு செல்லில் சமக்குறி போட்டு, திறந்திருக்கும் இன்னொரு ஃபைலுக்குப் போய் அங்கே ஒரு செல்லைத் தொட்டு என்டர் தட்டினால் போதும், இரண்டு ஒர்க்புக்குக்கும் நடுவே இணைப்பு விழுந்துவிடும். ஐந்து விநாடி வேலை. விழுந்த இணைப்பு எப்படிப் பிழைக்கிறது, எப்போது பொய் சொல்கிறது, வேண்டாதபோது அதை எப்படி அறுப்பது என்பவைதான் நாள்கணக்கில் நேரத்தைத் தின்னும்.

ஸ்டோர்ஸ் ஃபைலில் ‘இருப்பு’ என்ற ஷீட்டின் டி9 செல்லை இணைத்தால், இணைத்த இடத்தில் ஃபார்முலா இப்படி வந்து நிற்கும்:

=[ஸ்டோர்ஸ்.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்]இருப்பு!$டி$9

சதுர அடைப்புக்குள் ஃபைலின் பெயர், அதை ஒட்டி ஷீட்டின் பெயர், ஆச்சரியக்குறி, பிறகு செல். ஸ்டோர்ஸ் ஃபைலை மூடியதும் அதே ஃபார்முலா நீண்டுவிடும்:

='டி:\கணக்கு\[ஸ்டோர்ஸ்.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்]இருப்பு'!$டி$9

எதிரே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். வீட்டுக்குப் போனவரைப் பிடிக்கக் கதவு எண், தெரு என்று முழு விலாசமும் வேண்டும். டாலர் குறிகளை யாரும் போடுவதில்லை, எக்ஸெல்லே போட்டுக்கொள்கிறது. ஒரே ஃபைலுக்குள் செல்லைத் தொட்டால் டாலர் வராது, வெளி ஃபைலில் தொட்டால் வரும். இது தெரியாமல் ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் இருபது வரியிலும் ஒரே எண் வந்து நிற்கும். எஃப்4 விசையை மூன்று முறை தட்டினால் டாலர்கள் போய்விடும், பிறகு இழுக்கலாம்.

விலாசம் இணைப்பில் பாதிதான். மறு பாதி, நினைவு. கடைசியாகப் போய்ப் பார்த்தபோது அந்த விலாசத்தில் என்ன எண் இருந்ததோ அதை எக்ஸெல் தன் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது. மூல ஃபைல் கையில் இல்லாதபோதும் இணைத்த ஃபைலில் எண்கள் தெரிவது இதனால்தான். திறந்ததும் ‘அப்டேட்’ செய்யவா வேண்டாமா என்று அது கேட்பதன் பொருளும் இதுதான்: விலாசத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா, நினைவில் இருப்பதையே சொல்லட்டுமா? திரையில் தெரியும் எண் இந்த நிமிடத்து எண்ணா, போன வியாழக்கிழமை எண்ணா என்று செல்லைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே நிறம்.

இவ்வளவு வம்பு எதற்கு, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். சென்னை–அரக்கோணம் மின்ரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டிக் கடம்பத்தூரில் இறங்கிச் சுற்றிலும் உள்ள ஷெட்டுகளில் ஒன்றுக்குள் போனால் இதற்குப் பதில் கிடைக்கும். பக்கத்து அதிகத்தூரில் 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் காரைச் செய்யத் தொடங்கியது. மேல்நல்லாத்தூரில் அதே நிறுவனம் நடத்திய மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை பின்னாளில் கேட்டர்பில்லர் கைக்கு மாறியது. திருவள்ளூரை ஒட்டிக் காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை, வடகிழக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட். இப்படிப்பட்ட பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளில் ஈஆர்பி மென்பொருள் இருப்பது அபூர்வம். கணக்குக்கு டேலி இருக்கும், மீதியெல்லாம் எக்ஸெல்தான்.

நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பை எடுத்துக்கொள்ளலாம். தகட்டுச் சுருளான காயிலின் வரவும் இருப்பும் ஸ்டோர்ஸ்காரர் ஃபைலில். ஷிப்டுக்கு எத்தனை பிராக்கெட் அடித்தார்கள், எவ்வளவு ஸ்கிராப் என்பது சூப்பர்வைசர் ஃபைலில். ஜிங்க் பிளேட்டிங்குக்கு அம்பத்தூருக்குப் போன டிசிகள், அதாவது டெலிவரி சலான்கள், ஒரு ஃபைலில். அட்டெண்டன்சும் ஓவர்டைமும் டைம் ஆபீஸில், சம்பளம் அக்கவுண்ட்ஸில். இத்தனையையும் ஒரே பக்கத்தில் பார்க்க முதலாளிக்கு ஒரு ஃபைல். இவற்றை ஒன்றாக்கினால் ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது மற்றவருக்கு ‘ரீட் ஒன்லி’ என்று வரும். சம்பளத்தை எல்லாரும் பார்ப்பார்கள். இருப்பில் யார் கைவைத்தார்கள் என்று சண்டை வரும். ஃபைல்களுக்கு நடுவே இருக்கும் கோடு ஆட்களுக்கு நடுவே இருக்கும் கோடுதான், அது அழியப்போவதில்லை. முன்பெல்லாம் ஒருவர் இன்னொருவர் மேசைக்குப் போய், ‘அண்ணே, ஒன்றரை எம்எம் எவ்வளவு இருக்கு?’ என்று கேட்டுவந்து எழுதினார். அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் இணைப்பு.

கேட்டு எழுதுவதும் காப்பி–பேஸ்ட் செய்வதும் இணைப்பைவிடப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. 2012இல் ஜே.பி.மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் நட்டம் வந்தது. வங்கியே நடத்திய விசாரணையின் அறிக்கை 2013 ஜனவரியில் வெளியானபோது, நட்ட அபாயத்தை மதிப்பிட்ட கணக்கு பல எக்ஸெல் ஃபைல்களில் ஓடியதும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையாலேயே காப்பி–பேஸ்ட் செய்துவந்ததும் தெரிந்தது. நட்டத்துக்கு அதுமட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பெரிய வங்கியிலும் நம் ஊர்ப் பட்டறை வழக்கம்தான் இருந்திருக்கிறது.

ஃபைல்களை இணைக்க வழி இல்லாமல் போனதல்ல இதற்குக் காரணம். 1979இல் வந்த விசிகால்க்கில் ஒரே ஷீட்தான், வெளியே பார்க்க ஜன்னல் கிடையாது. 1982இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த மல்டிபிளானிலேயே வெளி ஷீட்டிலிருந்து எண்ணை இழுக்கும் வசதி வந்துவிட்டது. ஒரே ஃபைலுக்குள் பல ஷீட் வைக்கும் இன்றைய ஒர்க்புக் முறை 1993இன் எக்ஸெல் 5இல்தான் நிலைபெற்றது. எக்ஸெல்லில் ஃபைல்களை இணைக்கும் பழக்கம் ஷீட்களை அடுக்கும் பழக்கத்தைவிட மூத்தது.

ஒரு செல்லை இணைப்பது எளிது. ஒரு பரப்பை, அதாவது வரிசையும் பத்தியுமாக ஒரு தொகுதியை இணைப்பதற்கு மூன்று வழி இருக்கிறது. காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் ‘பேஸ்ட் லிங்க்’ கொடுத்தால் ஒவ்வொரு செல்லும் தனித்தனி இணைப்பாக விழும். நூறு செல்லுக்கு நூறு ஃபார்முலா. எண்கள் வர வேண்டிய நூறு செல்லையும் முதலில் தேர்ந்துகொண்டு, சமக்குறி போட்டு மூலத்தின் முழுப் பரப்பையும் தேர்ந்து, கன்ட்ரோலும் ஷிஃப்டும் அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் நூறுக்கும் சேர்த்து ஒரே அணி ஃபார்முலா. நடுவிலிருந்து ஒன்றை மட்டும் அழிக்க விடாது. மைக்ரோசாஃப்ட் 365இல் வெறும் என்டரே போதும், எண்கள் தாமாகக் கீழேயும் பக்கவாட்டிலும் வழிந்து நிரம்பும். வழியும் பாதையில் ஏதாவது எழுதியிருந்தால் ‘#ஸ்பில்!’ என்று நின்றுவிடும்.

மூன்றிலும் பொதுவாக ஒரு தொல்லை உண்டு. மூலத்தில் வெறுமையாக இருக்கும் செல் இங்கே 0 என்று வரும். இருப்புக் கணக்கில் அதனால் பெரிய கேடில்லை. தேதிப் பத்தியில் அந்த 0 என்பது 00-01-1900 என்று உருவெடுக்கும். பிளேட்டிங்கிலிருந்து சரக்கு திரும்பும் தேதியை இன்னும் நிரப்பாத வரியெல்லாம் விக்டோரியா மகாராணி காலத்துத் தேதியோடு நிற்பதைப் பார்த்து ஆடிட்டர் சிரித்தால் காரணம் இதுதான். மூலம் வெறுமையாக இருந்தால் இங்கேயும் வெறுமையாக விடு என்று ஒரு ‘இஃப்’ சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அது எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. ஸ்டோர்ஸ் ஃபைலில் எட்டாவது வரி 1.2 எம்எம் காயில், 760 கிலோ; ஒன்பதாவது வரி 1.6 எம்எம், 4,820 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதலாளி ஃபைல் டி9ஐப் பார்க்கிறது. ஒருநாள் 1.4 எம்எம் காயில் புதிதாக வந்து இறங்குகிறது, 310 கிலோ. ஸ்டோர்ஸ்காரர் முறைப்படி தடிமன் வரிசை பிசகாமல் இருக்க நடுவில் ஒரு வரி சேர்க்கிறார். 1.6 இப்போது பத்தாவது வரிக்கு இறங்கிவிட்டது, ஒன்பதில் 1.4.

அந்த நேரத்தில் முதலாளி ஃபைலும் அதே கணினியில் திறந்திருந்தால் எக்ஸெல் இதைக் கவனித்து ஃபார்முலாவை டி10 என்று மாற்றிக்கொள்ளும். அது மூடியிருந்தால் யாரும் அதற்குச் சொல்வதில்லை. மறுநாள் திறந்து ‘அப்டேட்’ கொடுத்ததும் அது பழைய விலாசமான டி9க்கே போகும், அங்கே இருக்கும் 310ஐக் கொண்டுவந்து 1.6 எம்எம்முக்கு நேரே போடும். ‘என்னப்பா, ஒன்று புள்ளி ஆறு முந்நூறு கிலோதான் இருக்கா?’ என்று முதலாளி போன் போட்டால் பிழைத்தார். போன் போடாமல் மூன்று டன்னுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால் ஷெட்டில் வைக்க இடமிருக்காது.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, செல்லுக்குப் பெயர் சூட்டுவது. ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கம் இருக்கும் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டினால் போதும். பெயர் மூல ஃபைலுக்குள் வாழ்வதால் வரி நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும், வெளி ஃபைல் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கும். இரண்டாவது, இடத்தைச் சொல்லாமல் பொருளைச் சொல்லிக் கேட்பது: காயிலின் குறியீட்டைக் கொடுத்து வீ-லுக்கப்போ இன்டெக்ஸ்–மேட்சோ போட்டுத் தேடச் சொல்வது. குறியீடு எந்த வரியில் இருந்தாலும் கிடைத்துவிடும். வீ-லுக்கப்பில் ‘நான்காவது பத்தி’ என்று எண்ணித்தான் சொல்ல வேண்டும், நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால் அதுவும் தடம்புரளும். இன்டெக்ஸ்–மேட்ச் கொஞ்சம் கெட்டி.

இரண்டு மருந்தையும்விட நல்லது ஒரு வழக்கம். ஒவ்வொரு மூல ஃபைலிலும் வெளியாருக்கென்றே ஒரு ஷீட் வைத்துவிடுவது, அதற்கு ‘வாசல்’ என்றே பெயர் கொடுக்கலாம். பத்துப் பதினைந்து எண்கள் மட்டும் அதில் இடம் மாறாமல் இருக்கும். உள்ளே இருக்கும் ஷீட்களிலிருந்து வாசலுக்கு எண் வருவது அதே ஃபைலுக்குள் நடக்கும் வேலை, அங்கே எத்தனை வரி சேர்த்தாலும் எக்ஸெல் தானே சரிசெய்துகொள்ளும். மற்ற ஃபைல்கள் வாசலோடு மட்டும் பேசும். ஸ்டோர்ஸ்காரர் தன் வீட்டுக்குள் கட்டிலை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம், வாசற்படியை மட்டும் நகர்த்தக் கூடாது. அந்த ஷீட்டை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டால் அந்த ஒரு விதியையும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அடுத்த தலைவலி, பிளேட்டிங்குக்குப் போன டிசிகள் இருக்கும் ஜாப் ஒர்க் ஃபைலில் வரும். ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, வெளியே வேலைக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு டிசிக்கும் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்ற கணக்கு தேவை. 118ஆம் எண் டிசியில் 12,000 பிராக்கெட் போனது. 7,500 ஒரு நடை, 4,380 ஒரு நடை வந்தது. பாக்கி 120. போனது ஒரு ஃபைலில், வந்தது கேட் என்ட்ரி ஃபைலில். பாக்கியைக் கண்டுபிடிக்க யாருக்கும் முதலில் கைக்கு வருவது சம்-இஃப்: கேட் ஃபைலில் டிசி எண் 118 என்று இருக்கும் வரிகளையெல்லாம் கூட்டு.

கேட் ஃபைல் திறந்திருக்கும் வரை அழகாக வேலை செய்யும். மூடிவிட்டு அப்டேட் கொடுத்தால் பத்தி முழுக்க ‘#வேல்யூ!’. இணைப்பு அறுந்துவிட்டது என்று பலர் ஃபைலை மாற்றி மாற்றித் திறந்து பார்ப்பார்கள். இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. சம்-இஃப், சம்-இஃப்ஸ், கவுண்ட்-இஃப் போன்றவற்றுக்குக் கையால் தொடக்கூடிய உண்மையான செல் பரப்பு வேண்டும். மூடிய ஃபைலிலிருந்து கிடைப்பது எண்களின் பட்டியல் மட்டும், செல்கள் அல்ல. பட்டியலை வைத்தே வேலை செய்யத் தெரிந்தவை சம்-ப்ராடக்ட், வீ-லுக்கப், இன்டெக்ஸ், மேட்ச். ஆகவே அதே கணக்கை சம்-ப்ராடக்டில் எழுதினால் கேட் ஃபைல் மூடியிருந்தாலும் 120 வந்துவிடும். மாதத்தின் பெயரை ஒரு செல்லில் தட்டினால் அந்த மாதத்து ஃபைலிலிருந்து எண் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு இன்-டைரக்ட் போடுபவர்களுக்கும் இதே கதிதான்: மூல ஃபைல் திறந்திருந்தால் மட்டும் உயிர், மூடினால் ‘#ரெஃப்!’.

விலாசம் மாறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஃபைலும் ஒரே ஃபோல்டரில் இருந்து, ஃபோல்டரோடு பென் டிரைவில் ஏற்றித் திருவள்ளூரில் இருக்கும் ஆடிட்டரிடம் கொண்டுபோனால் இணைப்பு பெரும்பாலும் தாங்கும், எக்ஸெல் அந்த உறவை ‘பக்கத்து வீடு’ என்றே குறித்து வைக்கிறது. ஒன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நினைவில் உள்ள எண்கள் தெரியும், அப்டேட் கொடுத்தால் ஃபைலைக் காணோம் என்று சொல்லும். சர்வர் ஃபோல்டரை ஒருவர் கணினியில் இசட் டிரைவ் என்றும் இன்னொருவர் கணினியில் ஒய் டிரைவ் என்றும் போட்டிருக்கும் அலுவலகத்தில், ஒருவருக்குக் கிடைக்கும் எண் மற்றவருக்குக் கிடைக்காது. எல்லாருக்கும் ஒரே எழுத்தைக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் திட்டிக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் ஏராளம்.

‘சேவ் ஆஸ்’ ஒரு மௌனமான வில்லன். முதலாளி ஃபைலும் ஸ்டோர்ஸ் ஃபைலும் சேர்ந்து திறந்திருக்கும்போது, ஸ்டோர்ஸ் ஃபைலை ‘பேக்கப்’ என்று வேறு பெயரில் சேவ் ஆஸ் செய்தால், முதலாளி ஃபைலின் இணைப்புகளெல்லாம் புதுப் பெயருக்குத் தாவிவிடும். மறுநாளிலிருந்து ஸ்டோர்ஸ்காரர் பழைய ஃபைலில் எழுதுவார், முதலாளி அசையாத பேக்கப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருப்பு ஒரு வாரமாக மாறவில்லையே என்று யாராவது வியக்கும்வரை தெரியாது. நகல் எடுப்பதென்றால் எக்ஸெல்லை மூடிவிட்டு ஃபோல்டரிலிருந்து காப்பி எடுப்பதே சரி.

மாதத்துக்கு ஒரு ஃபைல் வைத்து, ஏப்ரல் இறுதி இருப்பை மேயின் ஆரம்ப இருப்பாக இணைத்து, மேயை ஜூனோடு இணைத்து மார்ச் வரை சங்கிலி போடுபவர்களும் உண்டு. வேலை செய்யும், ஏப்ரலில் ஒரு திருத்தம் வரும்வரை. ஏப்ரலைத் திருத்திவிட்டு மார்ச்சைத் திறந்தால் மார்ச் போய்க் கேட்பது பிப்ரவரியை. பிப்ரவரியோ கடைசியாக சேவ் செய்தபோது தெரிந்ததையே சொல்லும். அது ஜனவரியைக் கேட்டுப் பார்க்காது. மூடிய ஃபைல் இன்னொரு ஃபைலைத் தேடிப் போவதில்லை. திருத்தம் மார்ச்சுக்கு வந்து சேர வேண்டுமானால் மே, ஜூன், ஜூலை என்று வரிசையாகத் திறந்து, அப்டேட் செய்து, சேவ் செய்து மூட வேண்டும். பதினொரு ஃபைல். நடுவில் ஒன்றை மறந்தாலும் அதற்குப் பின்னே எல்லாம் பழைய எண். ஒரு ஆண்டுக்கு ஒரே ஃபைல், மாதத்துக்கு ஒரு ஷீட் என்று வைத்தால் இந்த ஊர்வலம் தேவையில்லை. தனி ஃபைல்தான் வேண்டும் என்றால் எக்ஸெல் 2016 முதல் உள்ளேயே வரும் பவர் குவெரியிடம் பன்னிரண்டு ஃபைலும் இருக்கும் ஃபோல்டரைக் காட்டிவிடலாம், ‘ரிஃப்ரெஷ்’ கொடுக்கும்போது எல்லாவற்றையும் படித்து ஒரே அட்டவணையாக அடுக்கித் தரும். செல்லோடு செல்லைக் கட்டுவதைவிட இது பல மடங்கு உறுதி. ஆனால் பத்திகளின் தலைப்பு எல்லா ஃபைலிலும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் ‘க்யூடிஒய்’யும் ‘குவான்டிட்டி’யும் ‘நோஸ்’ஸும் ஒரே பொருளுக்கு வாழ்கின்றன.

இணைப்புக்கு மிகவும் பொருத்தமான வேலை விகிதங்கள் என்றே எல்லாரும் சொல்வார்கள். இஎஸ்ஐ விகிதம், பிஎஃப் வரம்பு, ஜிஎஸ்டி சதவீதம் எல்லாவற்றையும் ஒரே ‘ரேட்’ ஃபைலில் வைத்துவிட்டு மற்ற ஃபைல்களை அதோடு இணைத்தால், மாறும்போது ஓரிடத்தில் மாற்றினால் போதும். 2019 ஜூலை 1 முதல் இஎஸ்ஐயில் தொழிலாளி பங்கு 1.75இலிருந்து 0.75 சதவீதமாகவும் முதலாளி பங்கு 4.75இலிருந்து 3.25 சதவீதமாகவும் குறைந்தது. ரேட் ஃபைலில் இரண்டு செல்லை மாற்றியவர்கள் ஜூலைச் சம்பளத்தை நிம்மதியாகப் போட்டார்கள்.

சிக்கல் ஆகஸ்டில் வரும். மே மாதச் சம்பளத்தில் ஏதோ சந்தேகம், மே ஃபைலைத் திறக்கிறார்கள், பழக்கத்தில் ‘அப்டேட்’ தட்டுகிறார்கள். மாதம் 12,000 ரூபாய் வாங்குபவருக்கு மேயில் பிடித்தது 210 ரூபாய், செலான் கட்டியதும் 210. இப்போது மே ஃபைல் 90 ரூபாய் என்று காட்டுகிறது. சேவ் செய்துவிட்டால் நடந்த கணக்கே மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 22இல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதம் ஆனது. அதுவரை 28இல் பில் போட்டுவந்த பட்டறையில் பில் ஃபைல்கள் ரேட் ஃபைலோடு உயிரோடு இணைந்திருந்தால் பழைய பில்களுக்கும் இதே கதி.

இணைப்பு எப்போதும் ‘இப்போது’ என்ன என்பதையே சொல்லும். இருப்பும் உற்பத்தியும் பாக்கியும் இப்போதைய எண்கள், அவற்றுக்கு இணைப்பு பொருந்தும். பில்லும் சம்பளமும் செலானும் ‘அன்று’ என்ன என்பதைச் சொல்ல வேண்டியவை. மாதம் முடிந்து செலான் கட்டிய அன்றே அந்த மாத ஃபைலின் இணைப்புகளை அறுத்து எண்ணாக்கிவிடுவது கணக்குப் பிள்ளைகளின் பழைய பேரேட்டு ஒழுக்கத்துக்கு நெருக்கமானது. அங்கே முடித்த பக்கத்தில் யாரும் மறுபடி மை தொட்டு எழுதுவதில்லை.

நினைவுப் பாதிக்கு இன்னொரு முகம் உண்டு, அது சங்கடமானது. டைம் ஆபீஸ் ஃபைலில் ஒரு ஆளின் பெயரை மட்டும் கொண்டுவர, சம்பள ஃபைலின் முழு அட்டவணையில் வீ-லுக்கப் போட்டிருக்கிறார்கள். வந்தது பெயர் மட்டும். ஆனால் எக்ஸெல் நினைவில் வைப்பது தேடிய பரப்பு முழுவதையும், நாற்பது பேரின் சம்பளமும் அதில் அடக்கம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் என்பது உள்ளபடி ஒரு ஜிப் மூட்டைதான். ஃபைல் பெயரின் வாலை ‘ஜிப்’ என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே ‘எக்ஸ்டர்னல்லிங்க்ஸ்’ என்ற ஃபோல்டரில் அத்தனை எண்ணும் வெளிச்சமாக இருக்கும். இந்த ஃபைலைக் காண்ட்ராக்டருக்கோ கஸ்டமருக்கோ மெயில் செய்தால் சம்பளப் பட்டியலும் கூடவே போகிறது. எக்ஸெல் ஆப்ஷன்ஸில் வெளி இணைப்பு மதிப்புகளைச் சேமிக்கும் டிக்கை எடுத்துவிட்டால் நினைவு இல்லாமல் போகும், ஃபைலும் இளைக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மூல ஃபைல் எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் இதே வேலையை இம்போர்ட்ரேஞ்ச் செய்கிறது. மூல ஷீட்டின் இணைய முகவரியும் பரப்பும் மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். முதல் முறை ‘#ரெஃப்!’ என்று காட்டி அனுமதி கேட்கும், கொடுத்தால் எண்கள் வழியும். பரப்பு மேற்கோளுக்குள் வெறும் எழுத்தாக இருப்பதால் மூலத்தில் வரி சேர்ந்தால் இங்கே எதுவும் நகராது. அங்கேயும் பெயர் சூட்டிய பரப்பே கைகொடுக்கும். அனுமதி கொடுத்தவர் மூல ஷீட்டில் இருக்கும்வரைதான் அனுமதிக்கு ஆயுள். அவர் வேலையை விட்டுப் போய், அவரது கணக்கை மூல ஷீட்டிலிருந்து நீக்கினால், அவர் போட்ட இணைப்புகளும் அவரோடு போகும். லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் சதுர அடைப்புக்குப் பதில் ஃபைல் பாதைக்குப் பின் ஒரு ‘#’ வரும், ஆச்சரியக்குறிக்குப் பதில் ஒரு புள்ளி, மற்றபடி எக்ஸெல்லின் பங்காளிதான்.

எக்ஸெல்லில் இணைப்பை அறுக்க ‘டேட்டா’ பட்டியில் ‘எடிட் லிங்க்ஸ்’, புதிய பதிப்புகளில் ‘ஒர்க்புக் லிங்க்ஸ்’. மூலத்தை மாற்றுவதும், நிலையைச் சரிபார்ப்பதும், ‘பிரேக் லிங்க்’ கொடுத்து அறுப்பதும் அங்கேதான். அறுத்தால் ஃபார்முலா இருந்த இடத்தில் அன்றைய எண் உறைந்து நிற்கும், அன்-டூ கிடையாது, ஆகவே நகல் எடுத்துவிட்டு அறுப்பது நல்லது.

எல்லாவற்றையும் அறுத்த பிறகும் ஃபைலைத் திறந்தால் ‘இந்த ஒர்க்புக்கில் வெளி இணைப்புகள் உள்ளன’ என்று மறுபடி கேட்கும் ஃபைல்கள் உண்டு. செல்களில் தேடினால் எதுவும் இருக்காது. சதுர அடைப்பின் திறப்புக் குறியை ஃபார்முலாக்களில் தேடியும் கிடைக்காவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியவை நேம் மேனேஜர், சார்ட்டுகள், டேட்டா வேலிடேஷனின் கீழிறங்கு பட்டியல்கள், கண்டிஷனல் ஃபார்மேட்டிங். பெரும்பாலும் நேம் மேனேஜரில்தான் அகப்படும். வேறு ஃபைலிலிருந்து ஒரு ஷீட்டைக் காப்பி செய்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பெயர், எப்போதோ பழைய இரும்புக்குப் போட்ட கணினியின் இ டிரைவில் இருந்த ஒரு ஃபைலின் விலாசத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரை அழித்து சேவ் செய்தால், அடுத்த முறை திறக்கும்போது கேள்வி வராது.